அடைத்த வடிகாலும் அக்காவின் கடப்பாரையும்

இந்த நினைவு மலரை அச்சடிக்கக் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்தில் ஒரு மாதிரி வாசகம் வைத்திருக்கிறார்கள். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அன்பின் உருவம், பொறுமையின் இருப்பிடம், அதிர்ந்து பேசாதவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று நான்கு வரிகள். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கும் அதையே போட்டுவிடலாம் என்று அச்சகத்துக்காரர் சொன்னார்.

"எல்லாரும் இதத்தாண்ணே போடுதாக. படிக்கிறதுக்கும் நல்லாருக்கும்."

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது என் அக்கா இல்லை. அக்கா பொறுமைசாலி கிடையாது. அதிர்ந்து பேசுவார். எதிரில் நிற்பவர் அதிகாரியா, ஊர் அம்பலக்காரரா என்று பார்த்துப் பேசத் தெரியாது. அரசாங்கம் பூசிய சிமெண்டைக் கடப்பாரை எடுத்து உடைத்தவர் அவர். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர். இதையெல்லாம் விட்டுவிட்டு நான்கு வரியில் அவரைச் சாதுவாக்கிப் படத்தில் மாட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு மலரில் கோபம் ஆகாது என்று நினைக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதற்குக் கோபம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. அணையின் கட்டுமானத்தைச் சேதப்படுத்தி, அனுமதியின்றி மடையைத் திறந்து, பாசன நீரை வீணடித்தவர் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியை அடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கடைசிவரை அக்கா கேட்டது. வீடு கேட்கவில்லை, விருது கேட்கவில்லை. ஒரு வரியை அடிக்கச் சொன்னார். அவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

அக்கா வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டவர். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். எனக்கும் அக்காவுக்கும் ஆறு வயது வித்தியாசம். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா காலமானார்கள். பத்தாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்த அக்கா, புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ராஜபாளையத்து நூற்பாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அப்பா தடுத்துப் பார்த்தார்கள்.

ஆலையில் அறுந்த நூலை ஒட்டும் வேலை. வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நூற்புக் கதிர்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் எங்கே அறுகிறது என்று கண் ஓய்வில்லாமல் பார்க்க வேண்டும். சாயங்காலம் புருவமெல்லாம் பஞ்சோடு வந்து இறங்குவார். நான் சிரிப்பேன். "சிரிக்காதலே, இந்தப் பஞ்சுதான் ஒன்னயப் படிக்க வைக்கி" என்பார். உண்மைதான். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், ஓடிப் பழகி ராணுவத்தில் சேர்ந்ததும் அக்காவின் கால் நடையில்தான். பல ஆண்டுகள் ஒரே பொருளை உற்றுப் பார்த்து, அதில் எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண் அவருக்கு ஆலையில் வந்தது. பிற்பாடு அந்தக் கண்தான் எங்கள் ஊரைக் காப்பாற்றியது.

இருபத்து நான்கு வயதில் திருமணம். அத்தான் எங்கள் ஊர் அணையில் லஸ்கர். வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: மடையைத் திறந்து மூடுவது, நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, கரையைச் சுற்றி வந்து காவல் பார்ப்பது, இதெல்லாம் லஸ்கரின் வேலை. எங்கள் அணை பெரிதொன்றும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டிய கரை. உள்பக்கம் கல் பாவியிருக்கும். வெளிப்பக்கம் புல். ஒரு மடை, நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு மறுகால். புதிதாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பெரிய கண்மாய் என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தக் கரைக்குக் கீழேதான் எங்கள் தெரு, காலனி, பள்ளிக்கூடம், அதற்கப்புறம் எங்கள் வயல்கள், தென்னந்தோப்புகள் எல்லாம் இருக்கின்றன.

அக்கா மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு அதே அணையில் வேலை கொடுத்தார்கள். பொம்பளையை அணையில் போட்டால் விளங்குமா என்று ஊரில் பேசாத வாய் இல்லை. பேசியவர்களில் பாதிப் பேர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அணை நிரம்பி மடை திறக்கும் நாளில் மடைக் கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்து, லஸ்கர்தான் முதல் தேங்காய் உடைக்க வேண்டும். அத்தான் இருந்தவரை அவர் உடைத்தார். அக்கா வேலைக்கு வந்த முதல் வருடம், தாலி இழந்தவள் தேங்காயைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் விவசாயிகள் சங்கத் தலைவர். எங்களுக்கு மாமா முறை. அக்கா அழவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"சரி மாமா. தேங்காய நீங்க ஒடைங்க. ஷட்டர நாந்தான் திருக்கணும். இதுல எது இல்லாட்டி வயலுக்குத் தண்ணி வராதுன்னு பாப்போம்."

மாமா தேங்காயை உடைத்தார். அக்கா ஷட்டரைத் திருக்கினார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அப்படியேதான் நடந்தது. அந்த ஒரு வார்த்தையை மாமா மறக்கவே இல்லை.

மண் அணையைப் பற்றி அக்கா எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவைத் தேங்க விடாமல் வெளியே எடுப்பதற்காகக் கரையின் அடியில் கல்லடுக்கி ஒரு வடிகால் வைத்திருப்பார்கள். அதில் தண்ணீர் வருவது கெடுதல் இல்லை. தெளிவாக வரும்வரை கவலையில்லை. கலங்கி வந்தால்தான் ஆபத்து; கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். அத்தான் உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். அக்கா அதை நம்பவில்லை. வெள்ளைக் கண்ணாடி சர்பத் பாட்டில் ஒன்றில் தினமும் காலையில் வடிகால் தண்ணீரைப் பிடித்து, மடை அறையின் ஜன்னலில் முந்தின நாள் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். அடியில் மண் படிந்திருக்கிறதா என்று மறுநாள் பார்ப்பார். பதினைந்து வருடமும் இதைச் செய்தார். பாட்டிலைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் உண்டு. "மதினி கடை போட்டிருக்காக, சர்பத் கெடைக்குமா" என்று கேட்பார்கள்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அணைக்குக் கீழே வாங்கிய வயலில் நெல் போட ஆரம்பித்த பிறகு நடந்ததுதான் இனி நான் எழுதப் போவது.

பெரிய அதிகாரி ஒருவர் அணையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. துறையில் ஒரே ஓட்டம். வாழை மரம் கட்டினார்கள். கரையின் உச்சியில் மரக்கன்று நட்டார்கள். மண் கரையில் மரம் வைத்தால் வேர் இறங்கிக் கரை பிளக்கும் என்று நட்டவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் நட்டார்கள், போட்டோவுக்குப் பச்சை வேண்டுமாம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கரையடியில் ஈரமாக இருப்பது உதவிப் பொறியாளரின் கண்ணில் பட்டுவிட்டது. பெரியவர் பார்த்தால் அணை ஒழுகுகிறதா என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அந்த வடிகால் முழுக்கச் சிமெண்ட் பூசி, அதன் மேல் வெள்ளையும் நீலமும் அடிக்கச் சொல்லிவிட்டார். படித்து, பட்டம் வாங்கி, அணைக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட மனிதர்.

அக்கா அவரிடம் போய்ச் சொன்னார். பூச்சு வேலைக்கு வந்த ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சார், இது ஒழுக்கு இல்ல சார், வடிகால். இத அடச்சா உள்ள இருக்க தண்ணி எங்க சார் போகும்?"

"ஏம்மா, நீ என்ஜினீயரா, நான் என்ஜினீயரா?"

"நீங்கதான் சார். அதான் ஒங்ககிட்ட சொல்லுதேன்."

"போய்ப் புல்லை வெட்டுற வேலையைப் பாரு. அவர் வந்துட்டுப் போகட்டும், பிறகு பார்த்துக்கலாம்."

பெரியவர் வந்தார். ஓர் இளநீர் குடிக்கும் நேரம் இருந்தார். நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பிறகு பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. பூச்சை எடுத்துவிட வேண்டும் என்று அக்கா இரண்டு முறை கைப்பட எழுதிக் கொடுத்தார். இரண்டு தாளும் கோப்பில் இருக்கின்றன. விசாரணையின்போது யார் கண்ணிலும் அவை படவில்லை என்பதுதான் அதிசயம்.

ஐப்பசியில் நல்ல மழை. அணை நிரம்பி மறுகால் போனது. ஊரே கரையில் நின்று செல்பி எடுத்தது. அக்காவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பாட்டிலில் பிடிக்க வடிகாலில் தண்ணீர் வரவில்லை. வராத தண்ணீர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டே கரையின் வெளிச்சரிவில் நடந்தார். வடிகாலுக்கு மேலே, வரக் கூடாத உயரத்தில், ஓரிடத்தில் புல் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தது. கால் வைத்ததும் கணுக்கால் வரை புதைந்தது.

அன்று தீபாவளிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உதவிப் பொறியாளரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மேல் அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். திங்கட்கிழமை எழுத்து மூலமாகக் கொடுக்கச் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வடிகால் பூச்சில் ஒரு விரிசல் கண்டது. அதிலிருந்து கலங்கல் தண்ணீர் பீய்ச்சியது.

அதற்குமேல் அக்கா யாரையும் கேட்கவில்லை. மடை அறையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒற்றை ஆளாக நின்று, அந்த வெள்ளையும் நீலமும் அடித்த சிமெண்டை ஐந்து இடத்தில் உடைத்தார். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. பூச்சு வேலையில் மிச்சமாகிக் கிடந்த மணலையும் ஜல்லியையும் கூடையில் அள்ளி வந்து உடைத்த இடங்களில் கொட்டினார். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது என்று. பிறகு மடைக்கு ஏறி ஷட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். அணையின் கனத்தைக் குறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். எல்லாம் முடித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் பைக்கில் போய் இறங்கினேன். கை இரண்டும் தோல் உரிந்து, சேலை முழுக்கச் சேறாக என் அக்கா நிற்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டது இது:

"யாரக் கேட்டுக்கா தொறந்த?"

"ஏலே, கேக்குறதுக்கு ஆளு இருந்தா கேட்டிருக்க மாட்டனா? இந்தா, இந்தத் தண்ணியில கைய வச்சுப் பாரு. மண்ணு நெருடுதா?"

"மழத் தண்ணின்னா கலங்கத்தான்க்கா செய்யும்."

மலையில் மழை விட்டு நான்கு நாளாகியிருந்தது. அணைக்குள் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. வெளியே மட்டும் ஏன் கலங்கி வருகிறது என்று யோசிக்க எனக்கு அறிவு வரவில்லை. நட்டு ஒரு மாதமான என் நெல் மட்டும்தான் கண்ணில் நின்றது. கீழே கண்மாய்கள் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் திறந்த தண்ணீர் அவ்வளவும் ஓடையில் போனது. மறுநாள் வந்த அதிகாரிகள் கலங்கலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, ஷட்டரை மூடாமல் விட்டுவிட்டார்கள். மூட அவர்களுக்கும் பயம். ஆனால் அக்கா திறந்தது சரிதான் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை. அணை பாதிக்குக் கீழே இறங்கியது. அதன்பின் மழை பொய்த்தது. தை மாதம் பால் பிடித்த கதிர்கள் வயலில் கருகின. எனக்கும் கருகின.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் எழுதினார்: மீன் குத்தகைக்காரரிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு அந்தம்மா தண்ணீரைத் திறந்துவிட்டார், தண்ணீர் வற்றினால் மீன் பிடிப்பது சுலபம் அல்லவா. இரண்டே நாளில் அது செய்தியாகிவிட்டது. குத்தகைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள்கூட முளைத்துவிட்டார்கள். வாழ்நாளில் அடுத்தவர் வீட்டுக் கறிவேப்பிலையைக் கேட்காமல் பறிக்காத பெண் என் அக்கா.

சங்கத் தலைவரான மாமா ஒரு புகார் மனு தயாரித்தார். அக்கா மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனு. கையெழுத்து வாங்க என் வீட்டுக்கே வந்தார். மீன் கதையும் அதில் எழுதியிருந்தது. நான் முழுதாகப் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"நீ போட்டாத்தாம்யா மத்தவன் நம்புவான். கூடப் பொறந்தவனே போட்டுட்டான்னா ஆபீசுல மறுபேச்சு பேச மாட்டாக."

நான் போட்டேன். என் நெல் போன ஆத்திரம். அந்த மனுவில் பதினோராவது கையெழுத்து என்னுடையது. உறவினர் பலருக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. வடிகாலை யார் பூசச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. பூச்சை யார் உடைத்தது என்று மட்டும் கேட்டார்கள். நான்தான் என்று அக்கா சொன்னார். உடைக்கச் சொல்லி உத்தரவு இருந்ததா என்றார்கள். பூசச் சொல்லி உத்தரவு இருந்ததா என்று அக்கா திருப்பிக் கேட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லம்மா என்று முடித்துவிட்டார்கள். பூசுவதற்கு முன்னால் பிடித்த தெளிந்த தண்ணீர் ஒன்று, உடைத்த அன்று பிடித்த கலங்கல் ஒன்று என்று இரண்டு பாட்டிலை மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்தார். மேஜையில் வைக்கவே விடவில்லை. அணையிலிருந்து மாற்றி, அலுவலகத்தில் கோப்பு தூக்கும் வேலை கொடுத்தார்கள். பணிப்பதிவேட்டில் அந்த வரியை எழுதினார்கள்.

கோடையில் அணை வறண்ட பிறகு, கரையைச் சோதிக்க வெளியூரிலிருந்து வேறு பொறியாளர்கள் வந்தார்கள். பொக்லைன் வைத்து அந்தப் பச்சைப் புல் இருந்த இடத்தைத் தோண்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கரையின் வயிற்றுக்குள் ஒரு குகை. ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒருநா நெற தண்ணியா நின்னுருந்தா கீழ ஒரு வீடு மிஞ்சியிருக்காதுண்ணே. யாரோ தெரிஞ்ச ஆளு தொறந்துவிட்டிருக்காக."

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது காதில் விழுந்தது. நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். குகையைச் சொன்னேன். தெரியும் என்றார். பிறகு, மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். அக்கா கஞ்சியை வடித்துவிட்டு, பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"குற்றச்சாட்டோட அந்த மனுவையும் நகல் எடுத்து எனக்கு அனுப்பிட்டாகலே. ஒங் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பட்டாளத்துலேருந்து எம்புட்டு லெட்டர் போட்டிருக்க."

அந்த நகல் அவர் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். சித்திரைப் பிறப்புக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என்னை அறைந்திருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலி இருக்காது.

கரையைச் சீரமைத்தார்கள். திறப்பு விழாவும் நடந்தது. கல்வெட்டில் பெயர் இல்லாத பெரிய மனிதர் இந்த வட்டாரத்தில் இல்லை. அதிகாரிகளின் துரித நடவடிக்கையால் பேராபத்து தவிர்க்கப்பட்டது என்று மேடையில் பேசினார்கள். வடிகாலை அடைத்த அதே உதவிப் பொறியாளருக்கு மாமா மாலை போட்டார். அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. அன்று அக்கா அலுவலகத்தில் கோப்புகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அந்த மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டிய அத்தனை பேரும் அந்தக் கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள். அவர்களுடைய உயிரைக் கையில் பிடித்து வைத்திருந்தவரை ஒருவரும் கூப்பிடவில்லை. வெட்கம் என்று ஒன்று நமக்கெல்லாம் இருக்கிறதா என்று கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஓய்வு பெறும்வரையும் பெற்ற பிறகும் அக்கா மனு எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேலதிகாரிகளுக்கும் பஸ் ஏறி ஏறி நடந்தார். சங்கத்தில் ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நான் மாமாவிடம் கேட்டேன். பழைய கதையைக் கிளற வேண்டாம் என்றார். சிறுநீரகம் பழுதாகி, ராஜபாளையத்தில் நர்ஸாக இருக்கும் மகள் வீட்டில் படுக்கையான பிறகும் தினமும் மதியம் போனில் அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான். "தபால் வந்துச்சாலே?" வரவில்லை என்பேன். "சரி, நாளைக்கி வரும்" என்பார். இறப்பதற்கு முந்தின நாளும் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. மனுதாரர் காலமாகிவிட்டதால் அவருடைய கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது என்று இரண்டு வரி. மனுவைப் படிக்க ஆறு வருடம் போதவில்லை. ஆள் செத்த செய்தி மட்டும் அவர்களுக்கு ஒரே மாதத்தில் எட்டியிருக்கிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் எழுத்தர், வயதில் சின்னவர், என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"அண்ணே, தண்டனைக்கு அடிப்படையே விவசாயிக குடுத்த புகாருதான். அது இன்னும் உயிரோட இருக்கு. குடுத்தவுகளே அது பொய்யின்னு திரும்ப வாங்கிட்டா, அவுக மக வாரிசுன்னு மனு போடலாம். பொறவு எங்களால தட்ட முடியாது."

அவர் சொன்னதை நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டார்.

"அவதான் போயிட்டாள்ல. செத்தவளுக்கு நல்ல பேரு எதுக்குய்யா?"

இந்தக் கட்டுரையை நானே எழுத வேண்டும் என்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவின் கடைசி நாட்களில் கூசாமல் எல்லாம் செய்த அவருடைய மகளுக்கும் மருமகனுக்கும். வேளை பார்க்காமல் ஆட்டோ எடுத்து வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கு. அங்கே அக்காவை அம்மா என்றே கூப்பிட்ட செவிலியர்களுக்கு. தான் கண்டதை எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்த பொக்லைன் ஓட்டுநருக்கு. அவர் எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. தன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் வழி சொன்ன அந்த எழுத்தருக்கு. இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்த காலனி மக்களுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும்.

இன்று நினைவு நாளுக்கு வந்திருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் அக்காவின் படம் இருக்கிறது. கூடையில் பூ இருக்கிறது. புகார் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் தயவுசெய்து அந்தப் பூவைத் தொட வேண்டாம். படத்துக்குப் பக்கத்து மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நாங்கள் கொடுத்த புகார் பொய், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறது. பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். அதற்கு நேர் கீழே உள்ள இரண்டாவது இடத்தை மட்டும் வேறு யாரும் நிரப்பிவிட வேண்டாம்.

மாமா, அது உங்களுக்கு.

உடன்பிறந்த தம்பி